கம்பியின் மேல் பழி

இல்வா "வாயைத் திற" என்று சொன்னால் அந்த வீட்டில் இப்போதெல்லாம் யாரும் உடனே திறப்பதில்லை. பதினாறு வயது டிண்ட்ரா உதட்டை இறுக்கிக்கொண்டு சமையலறை வாசலில் நிற்பாள். அம்மாவின் கையில் டார்ச் இருக்கும். அவள் மூக்கில் ஒரு கண்ணாடியின் மேல் இன்னொரு கண்ணாடி ஏறியிருக்கும். ஜன்னலுக்கு வெளியே விடியாத பனி, மேசையில் ஆறிப்போகும் கஞ்சி.

"நேத்துதானம்மா பாத்த?"

"நேத்துப் பாத்தது நேத்தோட போச்சு. திற."

"புண்ணு எங்கயும் ஓடிப் போயிடாது."

"ஓடிப் போச்சுன்னா மெழுகுவத்தி ஏத்திக் கொண்டாடுவேன். திறடி."

மேல் உதட்டைத் தூக்கினால் இடப்பக்கம் ஈறு வெளுத்து, வெகுநேரம் தண்ணீரில் கிடந்த விரல்நுனி போலச் சுருங்கியிருந்தது. அதன் நடுவில் சிவப்பாக ஒரு புண். அதற்கு நேர் கீழேதான் பல்லைச் சீராக்கப் போட்ட கிளிப்பின் கம்பி ஓடியது. பார்த்த முதல் நாளே இல்வா குற்றவாளியைப் பிடித்துவிட்டாள். கம்பிதான், வேறு யார்?

டிண்ட்ராவின் கோரைப்பல் ஒன்று மற்றப் பற்களோடு இறங்காமல் மேலண்ணத்துக்குள் குறுக்கே படுத்துக்கொண்ட பல். ஸ்டஃபான் என்ற கிளிப்பு டாக்டர் ஈறைக் கீறி, அந்தப் பல்லின் முனையில் மெல்லிய தங்கச் சங்கிலியை ஒட்டி, மறுமுனையைக் கம்பியில் கட்டி, ஒரு வருஷத்துக்கும் மேலாக மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டிருந்தார். பல் பாதி தூரம் வந்துவிட்டது. இந்த நேரத்தில் விட்டுவிட்டால் அது எலும்போடு ஒட்டிக்கொண்டு அப்புறம் யார் இழுத்தாலும் அசையாமல் போகலாம். வளர்ச்சி நின்று, செயற்கைப் பல் வைக்கும் வயது வரும்வரை அந்தப் பெண் முன்வாயில் ஓட்டையோடுதான் சிரிக்க வேண்டும். ஆனால் கம்பி இருந்தால் புண் இருக்கிறதே. கம்பியை எடுப்பதா, விடுவதா என்ற இந்த ஒன்றுதான் இல்வாவைப் பிப்ரவரி முழுவதும் நிற்க விடாமல், உட்கார விடாமல் அடித்தது.

இல்வா பல் மருத்துவர் இல்லை, உலோகக்காரி. பல் மருத்துவக் கல்லூரியின் கீழ்த்தளத்தில் அவளுடைய ஆய்வுக்கூடம் இருக்கிறது. கிளிப்புக் கம்பிகளைச் செயற்கை எச்சிலில் ஊறவைத்து, உடம்புச் சூட்டிலேயே வாரக்கணக்கில் வைத்திருந்து, எவ்வளவு நிக்கல் கரைந்து அயனியாக வெளியே வருகிறது என்று அளப்பது அவள் வேலை. பெற்றோருக்குக் கொடுக்கும் துண்டுத்தாளை எழுதியதும் அவள்தான். கம்பியிலிருந்து ஒரு நாளைக்கு வரும் நிக்கல், ஒரு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சியில் இருப்பதைவிடக் குறைவு, ஆகவே கவலை வேண்டாம். கவலைப்பட்டு வந்த எத்தனையோ அம்மாக்களிடம் அந்த வாக்கியத்தைப் பொறுமையாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவர்கள் போன பிறகு காபி மேசையில் கொஞ்சம் சிரித்தும் இருக்கிறாள். இப்போது அந்த அம்மாக்கள் எல்லாரும் கூட்டமாக வந்து அவள் வயிற்றுக்குள் உட்கார்ந்துகொண்டார்கள்.

முதலில் பழி ஹோக்கன் மேல் விழுந்தது. ஹோக்கன் டிண்ட்ராவின் அப்பா; ஆற்றுக்கு அந்தக் கரையில் வேறு வீட்டில் இருக்கிறார். மகள் சின்னப் பெண்ணாக இருக்கும்போது கடைவீதியில் ஒரு மலிவுக் கடையில் காது குத்திக் கூட்டிவந்தவர். அந்தத் தோடு காதைப் புண்ணாக்கியது. அப்படித்தான் உடம்பு நிக்கலை எதிரியாகப் பார்க்கப் பழகிக்கொள்ளும் என்று இல்வாவுக்குத் தெரியும்.

"அன்னிக்கே தலையில அடிச்சுக்கிட்டேன், கேட்டியா?" என்று போனில் பிடித்தாள்.

"எந்த அன்னிக்கு?"

"காது குத்தின அன்னிக்கு!"

"அடேயப்பா. ஏழு வயசுல குத்தின காதுக்கு இப்ப ஈறுல புண்ணா? இல்வா, நீ கொஞ்சம் படுத்துத் தூங்கேன்."

"கிண்டல் பண்ணாத."

"கிண்டல் இல்ல. ஸ்டஃபான் என்ன சொல்றார்?"

"கம்பி இல்லங்கறார்."

"அப்புறம் என்ன?"

"அவர் போட்ட கம்பியை அவரே குத்தம் சொல்லுவாரா?"

தோல் மருத்துவமனையில் டிண்ட்ராவின் முதுகில் சோதனைப் பிளாஸ்திரிகளை வரிசையாக ஒட்டினார்கள். குளிக்கக் கூடாது, வியர்க்கக் கூடாது. அதனால் உள்ளரங்கில் ஆடும் இன்னேபாண்டி ஆட்டமும் போயிற்று. பந்தைத் துரத்தி மட்டையால் அடிப்பதற்கென்றே பிறந்தவள் போல இருக்கும் பெண், பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள். பிளாஸ்திரிகளை எடுத்துப் பார்த்தபோது முதுகு பளிங்காக இருந்தது. நிக்கல் ஒவ்வாமை இல்லை என்றார் தோல் டாக்டர். வேறு ஒருத்தியாக இருந்தால் அந்தச் சந்தோஷத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு போய் ஆளுக்கொரு கிரீம் பன் தின்றிருப்பாள். இல்வாவுக்கு அப்படித் தோன்றவில்லை. நிக்கல் இல்லை என்றால் இன்னும் மோசமான ஏதோ ஒன்று.

சோதனையையும் முழுசாக நம்பாமல் அவள் பிடுங்கிய பிடுங்கலில் ஸ்டஃபான் பழைய கம்பியைக் கழற்றி நிக்கலே இல்லாத வேறு கம்பியைப் போட்டுக்கொடுத்தார். அன்று அவர் டிண்ட்ராவிடம் தனியாகக் கொஞ்சம் பேச வேண்டும் என்றார். பல் துலக்குவதைப் பற்றி உபதேசம் செய்யப் போகிறார் என்று நினைத்து இல்வா வெளியே போய் நின்றாள். புண் அப்படியேதான் இருந்தது.

கழற்றிய கம்பியை இல்வா ஒரு சின்னப் பையில் போட்டு ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு போனாள். அது விதிக்குப் புறம்பு. சொந்த வீட்டு வாயிலிருந்து வந்த பொருளை அங்கே யாரும் அளக்கக் கூடாது. எலக்ட்ரான் நுண்ணோக்கியின் திரையில் கம்பி உழுத வயல் போல விரிந்தது. அங்கங்கே அரிப்பின் குழிகள் கறுப்பாகத் தெரிந்தன. அவள் உடன் வேலை செய்யும் யோர்கனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"பார். எத்தனை குழி!"

யோர்கன் குனிந்து பார்த்தான். "நல்ல கம்பி. ரொம்ப சமத்தா இருந்திருக்கு."

"சமத்தா? இதுவா?"

"இல்வா, நான் இங்க சேந்த புதுசுல நீதான எனக்குச் சொன்ன, குழி இல்லாத கம்பி வேணும்னா வாயில போடாத கம்பியைத்தான் பாக்கணும்னு."

"அது பொதுவா சொன்னது."

"இது பொதுவான கம்பிதான்."

"இது என் பொண்ணு கம்பிடா!"

யோர்கன் தன் மேசைக்குத் திரும்பிப் போனான். அவள் கம்பியை ஊறவைத்தாள். ஒரு வாரம் கழித்து இயந்திரம் எண்ணைத் துப்பியபோது அது அவளுடைய துண்டுத்தாளில் இருந்ததைவிடவும் குறைவாக இருந்தது. இயந்திரத்தைச் சந்தேகப்பட்டு மறுபடி அளந்தாள். மறுபடியும் அதே. கம்பி நிரபராதி என்று அவளுடைய சொந்தக் கையே எழுதிக் கொடுத்தது, அவளால்தான் அதைப் படிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்குப் புதிதாக ஒன்று பிடிபட்டது. தங்கச் சங்கிலி ஒரு உலோகம், கிளிப்பு வேறு உலோகம், நடுவில் உப்பான எச்சில். இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டால் அது ஒரு குட்டி பாட்டரி. ஒன்று இன்னொன்றைத் தின்னும். வண்டியை நிறுத்திவிட்டு உறைந்த ஆற்றைப் பார்த்தபடி இதை யோசித்தவள், வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் முழுத் தீர்ப்பையும் எழுதி முடித்திருந்தாள். உப்பு அதிமதுர மிட்டாய்ப் பைகளைக் குப்பையில் கொட்டினாள். சனிக்கிழமை புளிப்பு மிட்டாய்க்குத் தடை. சாக்லேட்டுக்குத் தடை. காலையில் குழாயைத் திறந்து கொஞ்ச நேரம் ஓடவிட்ட பிறகுதான் தண்ணீர் பிடிக்க வேண்டும். கஞ்சியும் போயிற்று, ஓட்ஸில் நிக்கல் அதிகம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி என்றால் அந்த வீட்டில் டாக்கோதான். அன்று மேசையில் டிண்ட்ராவின் முன்னால் வெறும் வெள்ளரித் துண்டும் வேகவைத்த உருளைக்கிழங்கும் இருந்தன.

"அடுத்து என்னம்மா? மூச்சு விடறதுக்கும் தடையா?"

"உன் நல்லதுக்குத்தான்."

"எனக்குக் கை கால்லாம் நடுங்குது. எதையாவது திங்க விடு."

"நடுங்குதா? எப்பலேர்ந்து?"

டிண்ட்ரா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒண்ணும் இல்ல. சும்மா சொன்னேன்."

சும்மா சொன்னாள் என்றால் எந்த அம்மா நம்புவாள்? அதுவும் இந்த அம்மா! உலோகம் நரம்புக்குப் போய்விட்டது என்று இல்வாவுக்குக் காதுக்குள் ஒருவர் கத்தியது போல இருந்தது. திங்கட்கிழமை காலையில் ஸ்டஃபானைக் கூப்பிட்டாள். இருவரும் ஒரே காலத்தில் கல்லூரியில் படித்தவர்கள். ஒருவர் கல்யாணத்தில் மற்றவர் ஆடியவர்கள். அந்த உரிமையெல்லாம் அன்றைக்குச் சண்டைக்குத்தான் பயன்பட்டது.

"எல்லாத்தையும் கழட்டு ஸ்டஃபான். கம்பி, சங்கிலி, ஒட்டின துண்டு, ஒண்ணு விடாம."

"பல் பாதி வழியில நிக்குது."

"நிக்கட்டும்."

"கம்பி இல்ல இல்வா. நான் சொல்றேன்."

"அப்ப வேற என்ன?"

மறுமுனையில் ஏதோ காகிதத்தைப் புரட்டும் சத்தம்தான் கேட்டது.

"சொல்லு. அவ்வளவு உறுதியா கம்பி இல்லங்கற, அப்ப என்னன்னும் தெரியணும் இல்ல?"

"கொஞ்சம் பொறு. இன்னும் கொஞ்ச நாள்."

"உனக்குத் தப்பு பண்ணிட்டோம்னு பயம். அதான் வாய் வரல. வியாழக்கிழமை கழட்டலைன்னா நான் வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

"சரி," என்றார் ஸ்டஃபான் கடைசியில். "வியாழக்கிழமை வாங்க."

டிண்ட்ரா குதிப்பாள், கத்துவாள் என்று இல்வா எதிர்பார்த்தாள். அந்தப் பல்லுக்காக ஒவ்வொரு போட்டோவிலும் கையால் வாயை மூடிக்கொண்ட பெண் அவள். சங்கிலி இழுக்கிற வலியில் அழுதுகொண்டே, "வரட்டும், அது வெளிய வரட்டும்" என்று பல்லைத் திட்டியவள். ஆனால் டிண்ட்ரா தோளைக் குலுக்கி, "சரி, எடுத்துடலாம்" என்றாள். அவ்வளவுதான்.  பல்லே வேண்டாம் என்கிற அளவுக்கு வலிக்கிறதா குழந்தைக்கு? இல்வா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள்.

வியாழக்கிழமை சிகிச்சை அறையில் டிண்ட்ரா நாற்காலியில் சாய்ந்து கிடந்தாள். இல்வா சுவரோரம் நின்றாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. ஸ்டஃபான் குறடை எடுத்து, பல்லில் ஒட்டியிருந்த முதல் உலோகத் துண்டின் மேல் வைத்து, அப்படியே நிறுத்தினார்.

"டிண்ட்ரா. இதை எடுத்துட்டா மறுபடி ஒட்டிக்கலாம்னு நினைக்காத. அந்தப் பல் காத்துட்டு இருக்காது. உன் வாய், நீ சொல்லு."

"அம்மா சொல்றாங்கல்ல. எடுத்துடுங்க."

"அம்மாவைக் கேக்கல."

"ஸ்டஃபான், குழந்தையைப் பயமுறுத்தாத," என்றாள் இல்வா. "எடு."

குறடு நெரித்தது. பல்லிலிருந்து பசை விடும் அந்தச் சின்ன நொறுங்கல் சத்தம் கேட்டது. டிண்ட்ரா இரண்டு கையாலும் டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்! வேணாம், நிறுத்துங்க. கம்பி இல்லம்மா. கம்பி இல்ல. நான்தான்."

"என்ன நான்தான்?"

"வெள்ளை ஸ்னூஸ். அந்த இடத்துலதான் வெப்பேன்."

உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொள்ளும் அந்தச் சின்ன நிக்கோடின் பொட்டலம் இல்வாவுக்குத் தெரியாத பொருளா? பேருந்து ஓட்டுநர் உதட்டில் உண்டு, யோர்கன் உதட்டில் உண்டு, ஹோக்கன் பேசும்போது உதடு புடைப்பதே அதனால்தான். வட்ட டப்பிகள் பெண்பிள்ளைகளின் ஜீன்ஸ் பையில் வட்டமாகத் தடம் பதித்துக் கிடப்பதை இந்த ஊரில் யார் பார்க்கவில்லை? பார்த்துப் பார்த்து அது கண்ணில் படுவதே நின்றுபோயிருந்தது. தங்கம், எஃகு, குழாய்த் தண்ணீர், ஓட்ஸ், ஏழு வயதுக் காது, எல்லாவற்றையும் கூண்டில் ஏற்றி விசாரித்தவள் இதை மட்டும் விட்டுவிட்டாள்.

"எப்பலேர்ந்து?"

"ஆட்டம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து. இலையுதிர் காலத்துல. டீம்ல எல்லாரும் வெப்பாங்கம்மா."

"எல்லாரும் வெச்சா நீயும் வெப்பியா? உனக்கு மூளை எங்க போச்சு? நான் தண்ணிக் குழாயைச் சந்தேகப்பட்டு நின்னேன்டி! கஞ்சியைச் சந்தேகப்பட்டேன்!"

"தெரியும்."

"தெரிஞ்சும் பேசாம இருந்தியா? பல்லையே குடுக்கப் பாத்தியே!"

டிண்ட்ரா அழ ஆரம்பித்தாள். வாயில் உதட்டை விரித்துப் பிடிக்கும் கருவி மாட்டியிருந்ததால் அந்த அழுகை கோணலாக, எச்சிலோடு வந்தது. ஸ்டஃபான் அதைக் கழற்றி அவள் கையில் ஒரு காகிதத் துண்டைக் கொடுத்தார்.

இல்வா அவர் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"கம்பி மாத்தின அன்னிக்கே."

"அன்னிக்கேதான்."

"என்னை ஒரு பைத்தியக்காரி மாதிரி அலைய விட்டியேடா, பாவி."

"அவ சொன்னதை அவளைக் கேக்காம உன்கிட்ட நான் சொல்ல முடியாது இல்வா. விட்டுடறேன், அம்மாகிட்ட நானே சொல்றேன்னு சொன்னா. நம்பினேன். இன்னிக்கும் அவ சொல்லட்டும்னுதான் குறடை எடுத்தேன். ஒரு துண்டுதான் போச்சு, அதை ஒட்டிக்கலாம்." பிறகு நாற்காலியின் பக்கம் குனிந்தார். "என்ன டிண்ட்ரா, கழட்டறதா, இழுக்கறதா?"

"இழுங்க," என்றாள் டிண்ட்ரா.

அவர் விழுந்த துண்டை ஒட்டி, சங்கிலியை ஒரு கண்ணி சுருக்கிக் கட்டினார். டிண்ட்ராவின் கால் விரல்கள் காலுறைக்குள் மடங்கின. பல் பிழைத்தது, கம்பி பிழைத்தது, துண்டுத்தாளும் பிழைத்தது. இல்வாவுக்கு இப்போது நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. கம்பியாகவே இருந்திருக்கக் கூடாதா என்றுதான் அவள் மனம் ஏங்கியது. கம்பியென்றால் மாற்றலாம், வெட்டலாம், ஊறவைத்து அளக்கலாம், யாரையாவது கூப்பிட்டுக் கத்தலாம். இதை எந்தக் குறடால் கழற்றுவது?

வண்டியில் ஏறியதும் இல்வா பேசத் தொடங்கினாள். கண்ணாடியில் படிந்த பனியை வெப்பக் காற்று மெல்ல உருக்கிக்கொண்டிருந்தது, அவள் பேசிக்கொண்டே இருந்தாள். இன்றைக்கே நிறுத்த வேண்டும். டப்பி எங்கே, எடு. பயிற்சியாளரிடம் பேசப் போகிறேன். அப்பாவிடமும்தான், அவர் மேசையில் போட்டு வைக்கிற டப்பியைப் பார்த்துத்தானே இதெல்லாம்.

"நிறுத்திப் பாத்தேன்மா," என்றாள் டிண்ட்ரா.

"என்ன?"

"ஸ்டஃபான் சொன்னதும் நிறுத்தினேன். மூணு நாள். தலை வெடிக்கற மாதிரி ஆயிடுச்சு. கணக்கு வகுப்புல எழுத்தே தெரியல. மறுபடி வெச்சேன். மறுபடி நிறுத்தினேன். அன்னிக்கு டாக்கோ சாப்பிடறப்ப நடுங்குதுன்னேனே, அப்பவும் நிறுத்தித்தான் இருந்தேன். என்னால முடியலம்மா. அதான் பல்லு போனா போகட்டும்னு விட்டேன். பல்லை எடுத்துட்டா நீ வாயைப் பாக்கறதையாவது விட்டுடுவ இல்ல?"

இல்வா திரும்பிப் பார்த்தாள். மகள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் திணித்து உட்கார்ந்திருந்தாள். காலையில் வரும்போதும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள் என்பது இல்வாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. தோள் வரை நடுக்கம் ஏறியிருந்தது. இல்வாவுக்குக் கோபம் வந்தது, பயம் வந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் கைகளைப் பிடித்து நிறுத்த வேண்டும் போல இருந்தது. எப்படி என்றுதான் தெரியவில்லை. இதற்கெல்லாம் அவளிடம் ஒரு துண்டுத்தாளும் இல்லை.

வண்டி நகரவில்லை. முன்கண்ணாடியில் ஒரு கை அகலத்துக்குப் பனி விலகி, அதன் வழியே வாகன நிறுத்தத்தில் பனி தள்ளும் இயந்திரம் போவது தெரிந்தது.

"அம்மா."

"என்ன?"

"திட்டாத. ஒண்ணே ஒண்ணு வெச்சுக்கட்டுமா? இப்ப மட்டும். வீட்டுக்குப் போனதும் டப்பியை உன்கிட்ட குடுத்துடறேன். சத்தியமா."

வேண்டாம் என்று சொல்ல இல்வா வாயெடுத்தாள். மகள் முகத்தைப் பார்த்தாள்.

"மேல வேணாம்," என்றாள். அவளுடைய குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "அந்தப் புண்ணு ஆறணும். கீழ் உதட்டுல வை."

டிண்ட்ரா அம்மாவை நம்பாதவள் போல ஒரு கணம் பார்த்துவிட்டு, கோட்டுப் பைக்குள் கைவிட்டு டப்பியை எடுத்தாள். நடுங்கும் விரல்களுக்கு மூடி வழுக்கியது. இல்வா அதை வாங்கித் திறந்து கொடுத்தாள். பிறகு வேறு எங்கும் பார்க்காமல், அந்தக் கைகள் அடங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.